கமலாத் தோட்டத்துக் கொட்டகை

“இலையெல்லாம் சுருண்டுபோச்சு அத்தை, ஒரு மடை தண்ணியாவது—”

“சுருளட்டும்ங்கேன்லா—”

“பட்டுப்போயிரும் அத்தை—”

“பட்டுப்போகாதுட்டி. பூக்கும்.”

கமலா ஆரஞ்சுத் தோட்டம் உள்ள வீட்டில் மாமியாரும் மருமகளும் வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பேசிக்கொள்வது சாதாரணம், ஐயா. மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். மார்கழியில் பழம் பறித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வண்டி ஏற்றியதும் தண்ணீரை நிறுத்திவிடுவோம். தூரில் மண்ணைப் பறித்து வேரில் வெயில் பட விடுவோம். ஒரு மாதம் மரம் தவிக்கும். பிறகு எருப் போட்டு, மண் அணைத்து, தண்ணீர் விட்டால் இலை தெரியாமல் பூக்கும். இடைவிடாமல் தண்ணீர் கொடுத்தால் வெறும் தழைதான்.

அந்த மருமகள் பெயர் செல்லக்கனி. என் மகன் தேவஇரக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அவனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். ‘அவளை வன்னியம்பட்டிக்கே அனுப்பிவிடு’ என்று என் சொந்தக்காரர்கள் வாய் ஓயவில்லை. அதுதான் அவள் பிறந்த ஊர். நான் அனுப்புவேனா? எனக்குப் பெண் பிள்ளை கிடையாது. தலைவலி என்று நான் சொல்லுமுன்பே நெற்றியில் அவள் கை இருக்கும்.

அவளை என்னோடு வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இந்த மாசியில், தோட்டத்துத் தகரக் கொட்டகையில் உபவாசம் இருக்கச் சொன்னேன். சோறு கூடாது, தண்ணீரும் கூடாது. வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளாகத்தான் உள்ளே போனாள். நான் வெளியே பூட்டினேன்.

முதல் நாள் கதவுக்குப் பின்னால் இருந்து கேலி பேசினாள். “ஏன் அத்தை, என்னையும் கமலா மரம்னு நெனச்சிட்டியளோ?”

“மரம்னா இம்புட்டுப் பேசுமாட்டி?”

இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள், “நாக்கு ஒட்டுது அத்தை, ஒரே ஒரு வாய்” என்றாள். பாதியில் தண்ணீர் காட்டினால் பட்ட பாடெல்லாம் வீண். அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மூன்றாம் நாள் ஞாயிறு. மகன் ஊருக்குள் வீட்டுக்கு வந்து அவள் எங்கே என்றான். வன்னியம்பட்டிக்குப் போயிருக்கிறாள் என்றேன். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். திருப்தியாகச் சாப்பிட்டுப் போனான். சாயங்காலம் தோட்டத்துக்குப் போனபோது கதவைத் தட்டும் சத்தம் இல்லை. பக்குவம் வந்துவிட்டது என்று மனசு நிறைந்தது. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று விட்டேன்.

யாரும் என்னைத் தூண்டவில்லை, ஐயா. பூட்டியது நான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அவள் கேட்டதெல்லாம் என் காதில் நன்றாக விழுந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் காலையில் செம்பு நிறையத் தண்ணீரோடு திறந்தேன். அவள் தலையை எடுத்து மடியில் வைத்து வாயில் ஊற்றினேன். கடைவாய் வழியாக வழிந்து என் சேலை நனைந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன்.

“முழுங்கு தாயி. இனி எங்கிட்ட இருந்து உன்னை யாரும் அனுப்பச் சொல்லமாட்டாக.”