பத்துக்கு நாப்பது

— பத்துக்கு நாப்பதா? அப்படி ஒரு மார்க் கிடையாதும்மா. ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும்தான். வலியே இல்லைன்னா ஒண்ணு, தாங்கவே முடியலைன்னா பத்து. அதோட, வயித்துவலி உங்க வீட்டுக்காரருக்கு. மார்க்கும் அவருதான் போடணும். நீங்க சொல்லுங்க சார்.

— ஒண்ணேகால், டாக்டர்.

— ஒண்ணேகாலாம்! கேட்டுக்கோங்க டாக்டரம்மா. இந்த மனுஷன் கையைப் புலி கடிச்சு எடுத்துட்டுப் போனாக்கூட 'சுமாரா ஒரு கீறல்'னுதான் சொல்வாரு. நம்பாதீங்க. நாப்பதுன்னு எழுதுங்க.

— நான் எடையளவு ஆய்வாளர், டாக்டர். கடைகள்ல தராசு, எடைக்கல்லு எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கறது என் வேலை. எதையும் கூட்டிச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. ஒண்ணரைன்னு சொல்லலாமான்னு கொஞ்சம் யோசிச்சேன். இல்ல. ஒண்ணேகால்தான்.

— ஏங்க, அந்த வார்த்தையைச் சொல்லாதீங்கன்னு எத்தனை கோடி தடவை சொல்லியிருக்கேன்!

— எந்த வார்த்தை சார்?

— 'கொஞ்சம்', டாக்டர். இவளுக்கு அது ஆகாது. இவ வாயிலேருந்து அது வரவே வராது.

— எப்படி வரும்? நான் விளம்பரம் எழுதறவ, டாக்டரம்மா. ரேடியோவுக்கு, பேப்பருக்கு, பஸ் முதுகுக்கு. அந்த வார்த்தையை ஒரு தடவை எழுதினேன்னா மறுநாள் எனக்கு வேலை இருக்காது. 'ஒரு சிட்டிகை போதும், ஊரே வெளுக்கும்!' கேட்டிருக்கீங்கல்ல? அது நான்தான்.

— அந்த சோப்புத்தூளா? எங்க வீட்டுல அதான் வாங்கறோம். ஊரு வெளுக்க வேண்டாம்மா, என் கோட்டு வெளுத்தாப் போதும்னு இருக்கேன்.

— நானும் சோதிச்சுப் பாத்தேன், டாக்டர். ஒரு சிட்டிகைக்கு ஒரு கைக்குட்டை. அதுவும் சின்னது.

— பாத்தீங்களா? என் வாழ்க்கையே இப்படித்தான் ஓடுது. நான் ஊருங்கறேன், இவரு கைக்குட்டைங்கறாரு.

— போன மழைக்கு ஆபீசுக்கு போன் பண்ணி 'வீடே முழுகிப் போச்சு, கடைசியா ஒரு தடவை உங்க குரலைக் கேக்கலாம்னு கூப்பிட்டேன்'னு அழுதா, டாக்டர். நான் மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு ஓடி வந்தேன். வாசல்ல என் கட்டைவிரல் நனைஞ்சுது. மத்த விரல் நனையல.

— சரி, சரி. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. வெளியில இன்னும் பேஷன்ட் உக்காந்திருக்காங்க. பள்ளிக்கூடத்துல அணி இலக்கணம்னு ஒண்ணு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? உள்ளதை உள்ளபடி சொன்னா இயல்பு நவிற்சி. அது சாரு. இருக்கறதை வானத்துக்கு ஏத்திச் சொன்னா உயர்வு நவிற்சி. அது அம்மா. எனக்கு ரெண்டும் வேண்டாம். எனக்கு வேணுங்கறது உவமை. வலியை நான் கண்ணால பாக்க முடியாது சார். அது எது மாதிரி இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் பிடிபடும். குத்தற மாதிரியா, எரியற மாதிரியா, பிசையற மாதிரியா?

— வலி மாதிரி இருக்கு, டாக்டர்.

— வலி எது மாதிரின்னு கேட்டா, வலி மாதிரின்னா எப்படி சார்?

— வேற எது மாதிரியும் இல்லையே. இல்லாததைச் சொன்னா பொய்யாயிடாதா?

— கல்யாணமான புதுசுல, 'நான் எது மாதிரி இருக்கேன்'னு ஆசையாக் கேட்டேன் டாக்டரம்மா. நிலாங்கலாம். மயிலுங்கலாம். கழுத்தைத் திருப்பி என்னை நல்லாப் பாத்துட்டு, 'உன்னை மாதிரியே இருக்கே'ன்னாரு. அன்னிக்கு உடைஞ்ச நெஞ்சு, சுக்குநூறா இன்னும் அப்படியே கிடக்கு. பொறுக்கி எடுக்க ஆளில்ல.

— சரியாத்தானே சொன்னேன்? வேற யாரு மாதிரியும் இல்லையே.

— சார், நீங்க ஏறிப் படுங்க. சட்டையைத் தூக்கிக்கோங்க. அம்மா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க.

— வேண்டாம் டாக்டரம்மா. இப்படி மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் எனக்கு சௌகரியமா இருக்கு. உவமைதானே வேணும்? நான் சொல்றேன். அதுதான் என் பொழப்பு.

— அவரு வலிக்கு நீங்க எப்படிம்மா...

— கேளுங்களேன். முதல்ல தொப்புளைச் சுத்தித்தான் ஆரம்பிச்சுது. யாரோ உள்ள உக்காந்துக்கிட்டு ஈரத்துணியை முறுக்கிப் பிழியற மாதிரி. பிழிஞ்சு முடிச்சு உதறுவாங்க. அப்பாடான்னு இருக்கும். அடுத்த துணியை எடுப்பாங்க.

— அப்படியா சார்?

— துணியா? இல்லையே டாக்டர். கனமா இருக்கு. அவ்வளவுதான். மத்தியானம் ஆபீஸ்ல விருந்து. நாலு கரண்டி சோறு கூடப் போட்டுக்கிட்டேன்.

— நாலுதானா?

— ஏழு.

— விருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல டாக்டரம்மா. இது நேத்துக் காலையிலேயே எடம் மாறிடுச்சு. அப்படியே நகந்து, வலது பக்கம், இடுப்பெலும்புக்கு மேல வந்து உக்காந்துக்கிச்சு. இப்ப பிழியறதெல்லாம் இல்ல. செருப்புக்குள்ள ஆணி மாதிரி. அசையாம நின்னா அது இருக்கறதே தெரியாது. ஒரு அடி எடுத்து வச்சா, இங்கதான் இருக்கேன்னு சொல்லும்.

— ஆணி... ம். இது நல்ல உவமைம்மா. பஸ் முதுகுல எழுதற உவமை இல்ல. சார், ஆணி மாதிரி இருக்கா?

— என் செருப்பு புதுசு, டாக்டர்.

— வரும்போது ஸ்கூட்டர் வேகத்தடை மேல ஏறி இறங்கிச்சு பாருங்க. அந்த நேரம் வாயைத் துணியால அடைச்சுக்கணும் போல இருந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல இன்னொண்ணு வேற போட்டு வச்சிருக்கீங்க. யாரு சொல்லிப் போட்டாங்க அதை? அவங்க நல்லா இருக்கட்டும்.

— ஸ்கூட்டரை ஓட்டினது நான்தானே? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீதான் பின்னாலேருந்து என் தோளைப் பிடிச்சுக் கிள்ளினே.

— இருமினா?

— எனக்கு இருமலே இல்ல, டாக்டர்.

— இருமினா அங்க யாரோ சுண்டி இழுக்கற மாதிரி டாக்டரம்மா. அதனால இருமல் வந்தாலும் முழுங்கிடறது. ராத்திரி வலது காலை மடக்கி ஒருக்களிச்சுப் படுத்தா மட்டும்தான் விட்டுக் குடுக்கும். நீட்டினா கண்ணுல தண்ணி வந்துடும்.

— நான் நேத்து மல்லாந்து படுத்து, ஊரே எழுந்திருக்கற மாதிரி குறட்டை விட்டேன்னு காலையில நீதானே சண்டைக்கு வந்தே?

— பசி எப்படி சார்?

— ஒரு வாய் இறங்கல டாக்டரம்மா. நேத்திலேருந்து சோத்தைப் பாத்தாலே குமட்டிக்கிட்டு வருது.

— ஏழு கரண்டின்னு இப்பத்தானே சொன்னாரு?

— அது... அது வேற பசி.

— ம். சார், மூச்சை விடுங்க. வலது பக்கம் அழுத்தறேன். வலிக்குதா?

— இல்ல, டாக்டர்.

— இன்னும் ஆழமா அழுத்தறேன். அழுத்திட்டு டக்குனு கையை எடுப்பேன். எடுக்கும்போது எப்படி இருக்குன்னு சொல்லுங்க. இதோ...

— ஐயோ! அம்மா!

— அம்மா, நான் அவரைத்தானே அழுத்தினேன்? நீங்க எதுக்குக் கத்தறீங்க?

— மேஜை... மேஜை வயித்துல இடிச்சிடுச்சு டாக்டரம்மா. இவரைக் கவனிங்க.

— எனக்குக் கூசுது, டாக்டர். வேற ஒண்ணும்... ஏவ்! மன்னிச்சுக்கோங்க. பெரிய ஏப்பம்.

— நீங்களே பெரிசுன்னு சொல்றீங்கன்னா பெரிசாத்தான் இருக்கும். இப்ப பத்துக்கு எத்தனை?

— ஒண்ணு. சுத்தமா ஒண்ணு. கால் போயிடுச்சு.

— அப்ப நீங்க இறங்குங்க சார். சட்டையை இழுத்து விட்டுக்கோங்க. அம்மா, நீங்க ஏறிப் படுங்க.

— நானா? எனக்கென்ன டாக்டரம்மா? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

— அது உங்க பழைய உவமை. எனக்கு வேண்டாம். நான் நாள் முழுக்க இந்த நாற்காலியில உக்காந்து மத்தவங்க வலியைக் கேக்கறவம்மா. புருஷன் வலியைப் பொண்டாட்டி சொன்னா எப்படிச் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். துடிக்கறாரு, துவண்டுட்டாரு, பாக்க முடியல. அவ்வளவுதான் வெளியிலேருந்து தெரியும். செருப்புக்குள்ள ஆணி இருக்குன்னு, அதைப் போட்டு நடக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

— டாக்டர், என்ன சொல்றீங்க? ஏய், என்ன சொல்றாங்க இவங்க?

— ...

— பேசும்மா. நீ பேசாம இருந்து நான் பாத்ததே இல்லையே.

— முந்தாநாளே உங்ககிட்ட சொன்னேன். 'வயிறு ரெண்டாப் பிளக்குது'ன்னேன். நீங்க பேப்பரைக் கூடத் தாழ்த்தல. 'சுடுதண்ணி குடி'ன்னீங்க.

— பால் வரலைன்னாலும் நீ வயிறு பிளக்குதுன்னுதானே சொல்றே? நீ எதைச் சொன்னாலும் நான் பத்தால வகுத்துப்பேன். அப்படி வகுத்துத்தான்...

— தெரியும். வகுத்துட்டீங்க. சரி, டாக்டரம்மாகிட்டயாவது போகலாம்னா, போன மாசம் கரப்பான்பூச்சி பறந்து மூக்குல உக்காந்ததுக்கு 'என் இதயமே நின்னு போச்சு'ன்னு வந்து நின்னேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சீங்க டாக்டரம்மா. தோளு குலுங்குச்சு. நான் பாத்தேன்.

— சிரிச்சேன். தப்புத்தாம்மா.

— என் வாய் அப்படி. உங்களைச் சொல்லி என்ன பண்றது? இன்னிக்குச் சாயங்காலம் இவராவே வந்து, 'வயிறு ஒரு மாதிரி இருக்கு'ன்னாரு. இவரு சொன்னா ஊரே நம்பும். உடனே ஸ்கூட்டரை எடுங்கன்னேன். என் வலியை இவரு வயித்துல ஏத்தி உங்ககிட்ட கொண்டு வந்துடலாம், நீங்க எழுதிக் குடுக்கற மாத்திரையை நான் முழுங்கிக்கலாம்னு நெனச்சேன்.

— மாத்திரை சரி. ஆபரேஷன்னு சொல்லியிருந்தா? யாரு வயித்தைக் கிழிக்கறது?

— அதை நான் யோசிக்கல.

— என் வயித்தைத்தான் கிழிச்சிருப்பாங்க. பரவாயில்ல. நானும் பேசாம படுத்திருப்பேன்.

— சார், உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு...! ஏறிப் படுங்கம்மா. மெதுவா. காலை மடக்கியே வச்சுக்கோங்க. கை ஏன் இப்படிச் சுடுது?

— இரு, நான் பிடிச்சுக்கறேன். என் மேல சாஞ்சுக்கோ. தப்பு என் மேலதான் டாக்டர். கடையில ஒரு தராசு எடையைக் கூட்டிக் காட்டினா கோளாறுன்னு எழுதி வச்சுட்டு வந்துடுவேன். ஆனா எவ்வளவு கோளாறான தராசா இருந்தாலும் தட்டுல ஏதாவது ஒண்ணு இருந்தாத்தானே முள்ளு இவ்வளவு ஆடும்? நான் முள்ளையே பாத்துக்கிட்டிருந்தேன். தட்டுல என்ன இருக்குன்னு பாக்கல.

— ஏங்க. நீங்க இப்ப ஒரு உவமை சொன்னீங்க.

— சொல்லல. என் வேலையைப் பத்திச் சொன்னேன்.

— பேசாம இருங்க ரெண்டு பேரும். அம்மா, மூச்சை விடுங்க. இதோ இங்க. அழுத்தறேன். வலிக்குதா? சொல்லுங்கம்மா. இன்னிக்கு நீங்க நாப்பதுன்னு சொன்னாலும் எழுதிக்கறேன். சத்தியமா சிரிக்க மாட்டேன். வலிக்குதா?

— கொஞ்சம்.

— டாக்டர்!

— ஏன் சார் கத்தறீங்க? கொஞ்சம்னுதானே சொல்றாங்க?

— கேட்டீங்கல்ல? கொஞ்சம்னு சொல்லிட்டா! அவ கொஞ்சம்னு சொல்லிட்டா, டாக்டர்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. வேண்டாம், நேரமாகும். நான் தூக்கிட்டு ஓடறேன். பெரிய ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்? இடதா, வலதா?

— சார், உக்காருங்க. எனக்குப் புரிஞ்சுது. குடல்வால் வீங்கியிருக்குன்னு நினைக்கறேன். நல்லவேளை, இன்னிக்கே வந்துட்டீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே போன் பண்றேன். ராத்திரிக்குள்ள எடுத்துடுவாங்க. நாலு நாள்ல அம்மா எழுந்து உக்காந்து மறுபடி ஊரை வெளுப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல.

— ஏங்க, அழாதீங்க. டாக்டரம்மா, இவரு அழறாரு. இவரு அழுது நான் பாத்ததே இல்ல. இவருக்கு ஏதாவது குடுங்க.

— சார், ஏன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? வயித்துவலி திரும்ப வந்துடுச்சா?

— உயிரே போகுது, டாக்டர்.

— பத்துக்கு எத்தனை?

— நாப்பது.