சவரக்கத்தியை எடுத்துச் செல்லும் முறை

தண்ணீர் போதும், நன்றி. சாயங்காலத்தில் காபி குடித்தால் எனக்கு வயிறு ஒத்துக்கொள்வதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு சவரக்கத்தியை வெளியூர் கொண்டுபோக வேண்டுமென்றால் அதை முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரம் துளி தங்கினாலும் விளிம்பில் துரு பிடித்துவிடும். துடைத்த பிறகு லேசாக எண்ணெய். கத்தியைப் பிடிக்குள் மடக்கி, தானாகத் திறந்துகொள்ளாதபடி நூலால் ஒரு கட்டு. பிறகு தோலுறை. உறையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காரில் போனால் பெட்டி டிக்கியில் இருக்க வேண்டும். ரயிலில் போனால் கைக்குச் சட்டென்று எட்டாத இடத்தில். சட்டம் கேட்பது இவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரியும். எங்கள் சங்கத்துக்காரர்களுக்குப் புரியவில்லை.

அவர்களை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். பல் மருத்துவர், ரொட்டிக் கடைக்காரர், நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் மனைவி கண்ணசைத்தால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பவர்கள். கையில் ஒரு பழைய ஜெர்மன் சோலிங்கன் சவரக்கத்தி வந்துவிட்டால் கடற்கொள்ளைக்காரர்கள் மாதிரி நிற்பார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஏதாவது ஒரு சிற்றூரில் மண்டபம் பிடித்துக் கூடுவோம். சாணைக்கல்லில் தீட்டுவதும், தோல்வாரில் இழுப்பதும், ஒருவர் தாடையை இன்னொருவர் மழித்துவிடுவதும், உருளைக்கிழங்கு சாலடும், பீரும். இதை ஒரு கலை என்று சொல்லிக்கொள்வார்கள். பாதிப் பேருக்குத் தன் மோவாயைக் கீறாமல் மழிக்கத் தெரியாது.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவன். மனிதர்களின் முட்டாள்தனத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்தவன். அதனால்தான் சங்கத்தில் போக்குவரத்துப் பொறுப்பு என்னிடம் வந்தது. கத்தியை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒரு அறிவிப்பு எழுதி அனுப்புவேன். அதைப் பீர் குவளைக்கு அடியில் வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஆன்ஸ்கர் டோல்கேயைப் பற்றிக் கேட்டீர்கள். டிரம்பெட் வாத்தியாராக இருந்தவன். வாழ்நாள் முழுக்கப் பையன்கள் காதருகே ஊதி ஊதி, அறுபது வயதில் காது போய்விட்டது. கருவி மாட்டினால் கேட்கும். ரயிலில் மட்டும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவான். சக்கரச் சத்தம் மண்டைக்குள் குடைகிறதாம். சங்கத்தில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். அதற்குக் காரணம் என்னவென்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. சத்தமாகச் சிரிப்பான், அவ்வளவுதான். கத்தியைக் கோட்டின் உள்பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு ரயிலேறுவான். நூல் இல்லை, உறை இல்லை, பெட்டி இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தின கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பூட்டிய பெட்டி இல்லாமல் வருபவருக்கு மண்டபத்தில் அனுமதி இல்லை. நியாயமான தீர்மானம். தலைவர் லோதார், ரொட்டிக் கடைக்காரர், உதட்டில் இருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏம்பா எக்பெர்ட், கத்தியப் பூட்டச் சொல்ற, சரி. அடுத்த வருஷம் எங்க வாயையும் பூட்டச் சொல்லுவியா?"

"சட்டம் அப்படித்தான் சொல்லுது," என்றேன்.

அப்போதுதான் ஆன்ஸ்கர் எழுந்தான். "நம்ம எக்பெர்ட்டப் பத்தி உங்களுக்குத் தெரியாதுய்யா. இவன் ராத்திரி பல்செட்டக்கூடப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுத்தான் தூங்குவான். சாவி பொண்டாட்டிகிட்ட இருந்துச்சு. அவ சாவியத் தூக்கிட்டு ஓடியே போயிட்டா."

மண்டபமே குலுங்கியது. பல் மருத்துவருக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. வாக்கெடுப்பில் தூக்கியது என் கை ஒன்றுதான்.

என் மனைவி கெர்லிண்ட் அதற்கு முந்தின வசந்தத்தில் போய்விட்டாள் என்பது உண்மை. அதற்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பில்லை. நீங்கள் இரண்டு முறை கேட்டதால் சொல்கிறேன்.

அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பதுதான் முக்கியம். எங்கள் சங்கத்தில் ஒரு வணக்கம் உண்டு. உறுப்பினர் ஒருவர் இன்னொருவரைப் பார்த்ததும் கட்டைவிரலால் தன் தாடையில் காதிலிருந்து மோவாய்வரை ஒரு கோடு இழுப்பார். மற்றவர் உடனே தன் கத்தியை எடுத்துத் திறந்து கன்னத்தோரம் பிடித்துக் காட்ட வேண்டும். தாமதித்தால் அன்று இரவுச் சாப்பாட்டில் மேசைமேல் ஏறிப் பாட வேண்டும். சந்தையிலும் செய்வார்கள், தேவாலய வாசலிலும் செய்வார்கள். கத்தி பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் இந்த விளையாட்டு நடக்காது. அதற்காகத்தான் என் தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள். தலை நரைத்த ஆண்கள், ஒரு விளையாட்டுக்காக.

ஒரு விபத்து நடந்தால்தான் மனிதர்கள் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பார்கள். என் பழைய அலுவலகத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் விபத்து நடக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அது எப்போது, யாருக்கு நடக்கும் என்று தெரியாது. அந்தக் குறையை மட்டும் நான் சரிசெய்தேன்.

போன ஆண்டுக் கூட்டத்துக்கு நானும் ஆன்ஸ்கர் ஏறிய ரயிலில்தான் போனேன். ஆன்ஸ்கர் இருந்த கோச்சுக்கு இரண்டு கோச் முன்னால். என் பெட்டி மேல்தட்டில், பூட்டியபடி. நடுவில் ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தேன். கருவியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சாம்பல் நிறக் கோட்டு. உள்பையின் ஓரத்தில் கத்தியின் தந்தப் பிடி தெரிந்தது. இறங்க வேண்டிய ஊர் நெருங்கியபோது காவல் துறைக்குப் போன் செய்தேன். நான் பேசியதை நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "சாம்பல் கலர் கோட்டு போட்ட ஒருத்தர், உள்பையில கத்தி வச்சிருக்கார். பேச்சுக் கொடுத்தா பதிலே சொல்ல மாட்டேங்கிறார். பாக்கவே பயமா இருக்குங்க." இதில் ஒரு பொய்கூட இல்லை. கடைசி வாக்கியம் மட்டும் என் சொந்தக் கருத்து.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான் பக்கத்து ஊர்ச் சந்தையில் கத்திக்குத்து நடந்து ஒரு பெண் செத்திருந்தாள். நாளிதழ் படிப்பவன் நான். காவலர்கள் எவ்வளவு பதற்றத்தில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் முன்னாலேயே இறங்கி, நடைமேடையின் கோடியில் வெளியேறும் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆன்ஸ்கர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் படிக்கட்டிலிருந்து இரண்டு காவலர்கள் ஏறி வந்தார்கள். நில் என்று கத்தினார்கள். கையைத் தூக்கு என்று கத்தினார்கள். நடைமேடையில் இருந்த எல்லாரும் நின்றுவிட்டார்கள், அவனைத் தவிர. காதுக் கருவியை அவன் இன்னும் மாட்டவில்லை. அவனுக்கு நாலடி முன்னால் ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். அதை நான் ஏற்பாடு செய்யவில்லை. அப்படி அமைந்தது.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கட்டைவிரலால் தாடையில் கோடு இழுத்தேன்.

கத்தியை வெகுவேகமாக எடுத்தான். எப்போதும் அவன்தான் முதலில் எடுப்பான். திறந்து கன்னத்தோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே இரண்டடி வேகமாக வந்தான். அந்தப் பெண் அலறினாள். காவலர் இருமுறை சுட்டார்.

அந்த இளம் காவலர்மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் தன் விதிப்படி நடந்துகொண்டார். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை, இரவில் தூங்குவதில்லை என்றீர்கள். அது கொஞ்சம் மிகை என்று நினைக்கிறேன்.

நிலையத்து கேமராவில் என் கட்டைவிரல் தெளிவாகத் தெரிகிறது என்கிறீர்கள். பழக்கத்தில் கை போய்விட்டது என்று நான் சொல்லலாம். இருபது பேர் வந்து அது எங்கள் வணக்கம்தான் என்று சாட்சி சொல்வார்கள். நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் ரோஸ்விதாவைச் சந்தித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆன்ஸ்கரின் மனைவி பொய் சொல்கிறவள் இல்லை. அதனால் நானும் மழுப்பப் போவதில்லை.

ஆமாம், போன ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஆன்ஸ்கர் என் வீட்டுக்கு வந்தான். ரோஸ்விதா செய்த பிளம் கேக்கைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றான். அவள் கீழே காரில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படி ஏறியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"எக்பெர்ட், போன வருஷம் நான் பேசினது தப்புப்பா. அதுவும் உன் வீட்டுக்காரியப் பத்தி. பீரு உள்ள போனா எனக்கு நாக்கு நிக்காதுன்னு உனக்குத் தெரியும்ல. அன்னிலேர்ந்து ரோஸ்விதா என்னப் போட்டு வறுத்து எடுக்குறா. மன்னிச்சுக்க."

பரவாயில்லை என்றேன்.

"இன்னொண்ணு. நீ சொல்றதுதான் சரி. சந்தையில நடந்ததக் கேட்டதுலேர்ந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ரோஸ்விதா ஒரு பெட்டி வாங்கிட்டு வந்துட்டா, நல்ல பூட்டோட. இந்தத் தடவ நீ சொன்ன மாதிரியே கட்டி, பூட்டிக் கொண்டாரேன். லோதார்கிட்டயும் பேசுறேன். இன்னொரு தடவ தீர்மானம் போடு, நான் முன்மொழியிறேன்."

நான் கேக்கை வாங்கிக்கொண்டேன். அவனை உட்கார வைத்தேன். அவன் முகத்தில் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஒரு களை இருந்தது. ஆண்டுக்கணக்காக நான் எழுதியதைப் பீர் குவளைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு கேக்கோடு வந்து அதே விதியை எனக்கு அன்பளிப்பாகக் கொடுக்கிறான். கைதட்டல் அவனுக்குக் கிடைக்கும். ஆன்ஸ்கர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். எக்பெர்ட் அதே நாற்காலியில் அதே எக்பெர்ட்டாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவன் காதுக்கருகே குனிந்து சொன்னேன்: "அதெல்லாம் கூட்டத்துல பேசிக்கலாம் ஆன்ஸ்கர். இந்த ஒரு தடவ பழையபடி பையிலயே வச்சுக்கிட்டு வா. பெட்டி வேண்டாம். நான் ஸ்டேஷன்ல காத்துக்கிட்டு இருப்பேன். ரெண்டு பேரும் எல்லார் முன்னாடியும் நம்ம வணக்கத்தச் சொல்லிக்குவோம். அப்பதான் நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்."

அவன் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிப்பிடித்தான். "நீ பெரிய மனுஷன்யா," என்றான். அவன் கீழே போய்க் காரில் ஏறும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். அன்று சாயங்காலமே கேக்கைச் சாப்பிட்டு முடித்தேன். நன்றாக இருந்தது.

அவன் பெட்டியோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் திருந்தியிருப்பான். மற்றவர்கள் அவனுக்குப் பிரியப்பட்டு ஓர் ஆண்டு பூட்டுவார்கள், மறு ஆண்டு மறந்துவிடுவார்கள். என் வேலை ஆன்ஸ்கரைத் திருத்துவது அல்ல. சங்கத்தைப் பாதுகாப்பது. ஆகவே அவனைப் பெட்டி இல்லாமல் வரச் சொன்னேன், காவலர்களை வரவழைத்தேன், காது கேட்காதவனுக்குக் கைகாட்டிக் கத்தியை எடுக்க வைத்தேன். சாவான் என்று தெரிந்துதான் செய்தேன். இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். மண்டப வாசலில் நின்று ஒவ்வொன்றாக நானே பார்த்தேன். எல்லாரும் பூட்டித்தான் கொண்டுவந்திருந்தார்கள். லோதார் தலை நிமிராமல் சாவியை எடுத்துக் காட்டினார். பல் மருத்துவர் பூட்டை இரண்டு முறை இழுத்துக் காட்டினார். யாரும் கேலி பேசவில்லை, யாரும் பாடவில்லை. மதியச் சாப்பாட்டின்போது என் மேசையில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனேன், அங்கே இருந்தவர்கள் எழுந்து எனக்கு முழு மேசையையும் விட்டுக்கொடுத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் எனக்கு அவ்வளவு மரியாதை காட்டியதே இல்லை.