நம்பியின் வண்டிக்கு டிஸ்க் பிரேக் போட்டது

டிரம் பிரேக்கைக் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதை வருஷத்துக்கு ஒருமுறைகூடக் கழற்றிப் பார்க்காதவர்கள். நான் முப்பத்தொரு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் ஒர்க்ஷாப். பெயர் உச்சிமாகாளி, சொந்த ஊர் பணகுடி. இங்கே எல்லோருக்கும் காளி ஆசான். நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் தமிழில் சொல்கிறேன். இதை எனக்குத் தமிழில்தான் சொல்ல வரும்.

அழகியநம்பி என் மனைவி நாச்சியாரின் தம்பி. கிழக்கேகோட்டையில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தான். அவனிடம் ஐம்பத்தாறாம் வருஷத்து அமெரிக்கப் பிக்கப் ஒன்று உண்டு. பச்சை நிறம், உருண்டை மூக்கு. என் மாமனார் தேயிலைத் தோட்டத்து ஏலத்தில் எடுத்தது. அந்த வண்டியில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. ஓட்டுகிற யோகம் தனக்கு, அடியில் படுத்துக் கிரீஸ் பூசிக்கொள்கிற யோகம் அத்தானுக்கு என்று நம்பி கேலி செய்வான். நானும் சிரிப்பேன். அவனை எனக்குப் பிடிக்கும். இதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனாலும் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள், கலைச்செல்வி. அவளுக்கு அந்த வண்டியின் முன் இருக்கையில் உட்கார்ந்து போவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். தொண்ணூற்றேழு ஜூன் மாதம், இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட வாரம், நெடுமங்காட்டுக் கல்யாண வீட்டிலிருந்து பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு மாமனும் மருமகளும் திரும்பி வந்தார்கள். பேரூர்க்கடைக்கு முந்தின இறக்கத்தில் வண்டி ஒரு மதிலில் போய் மோதியது. மோதியது இடது பக்கம், செல்வி உட்கார்ந்திருந்த பக்கம். நம்பிக்கு நெற்றியில் மூன்று தையல். செல்விக்கு அப்போது பதினெட்டு வயது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நம்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"சவுட்டினேன் அத்தான், நல்லா சவுட்டினேன். பிரேக்கு பிடிச்சில்ல."

அதையே தைக்காட்டு மயானத்திலும் சொன்னான். பதினாறாம் நாள் விசேஷத்தில் சாப்பாட்டுப் பந்தியிலும் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னான். ஆனால் அந்த வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்தவன் யார் என்பது பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பெற்ற பிள்ளையைக் கொன்றவன் நான் என்று அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் இடமில்லாததால் வண்டியை என் ஒர்க்ஷாப்புக்குத்தான் இழுத்து வந்தார்கள். அப்போதெல்லாம் அது வழக்கம். மூன்றாம் நாள் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தார்: பிரேக்கில் குறை ஏதும் இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு. அந்தக் காகிதத்தை நாச்சியாரிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவள் தம்பியைத்தான் நம்பினாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். நான் சாப்பிட்ட பிறகுதான் வருவாள். எட்டு வருஷம் அப்படி. ஒரே வீட்டில் எட்டு வருஷம் தனியாகச் சாப்பிடுவது லேசு இல்லை சார்.

இரண்டாயிரத்து நாலு கடைசியில் நம்பி என்னிடம் வந்தான். பாத்திரக் கடைக்கு வேறு வண்டி வாங்கிவிட்டான். பிக்கப்பைப் புதுப்பித்துப் பளபளவென்று வைத்திருந்தான். நகரத்தில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்கு வரிசையாக ஓட்டிப் போவதாக இருந்தார்கள்.

"அத்தான், முன்னால ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு போட்டுத் தரணும். திவ்யாவும் வருகேன்னு நிக்கா. அன்னைக்கு டிஸ்க் இருந்திருந்தா நம்ம செல்வி..."

நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திவ்யலட்சுமி அவன் மகள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். செல்வி போனபோது அவள் பத்து வயதுக் குழந்தை. அந்த வருஷம் அவளுக்குப் பதினெட்டு. நான் அதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். வயது தானாக ஆகிறது.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். டிஸ்க் பிரேக் மாற்றுவது சும்மா இல்லை. பழைய டிரம்மையும் அதன் பின்தட்டையும் எடுத்துவிட வேண்டும். ஹப்பை லேத்தில் கொடுத்துக் கடைந்தேன். பழைய ஜீப் ஒன்றிலிருந்து சக்கரத்தோடு சுற்றுகிற தட்டும் அதைக் கவ்வுகிற காலிப்பரும் எடுத்தேன். அதைப் பிடித்து நிறுத்த அரை அங்குல இரும்பில் நானே தாங்கி வெட்டினேன். பதினோரு நாள். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. திவ்யா ஒருநாள் டியூஷனுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "அடிபொளி மாமா" என்று மெச்சினாள். அவளுக்குக் கடையில் எலுமிச்சம்பழம் பிழிந்த நாரங்கா வெள்ளம் வாங்கிக் கொடுத்தேன்.

மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றவில்லை. டிரம் பிரேக்குக்கான சிலிண்டரின் வாயில் சிறிய வால்வு ஒன்று உண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு ஆகாது. அதை எடுக்காமல் விட்டால் தட்டை அழுத்துகிற பேட் அதை விட்டு முழுதாக விலகாது, உரசிக்கொண்டே இருக்கும். நகரத்துக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. கரமனையிலிருந்து பாப்பனங்கோடு வரை நம்பியே ஓட்டிப் பார்த்தான். தொட்டால் நின்றது. இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

பொன்முடியிலிருந்து கல்லாறு வரை இருபத்திரண்டு கொண்டையூசி வளைவு. செல்வி போன நாளிலிருந்து நம்பி எந்த இறக்கத்திலும் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததில்லை, பயம். அது எனக்குத் தெரியும். தட்டு சூடேறும், ஆயில் கொதிக்கும், கொதித்தால் ஆவியாகும், ஆவியை எவ்வளவு சவட்டினாலும் பெடல் தரைக்குத்தான் போகும். வண்டி ஆறின பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இன்னொன்றும் செய்தேன். அந்தக் காலத்து வண்டியில் சீட் பெல்ட் கிடையாது. ஓட்டுகிறவன் பக்கத்துக்குப் புது பெல்ட் ஒன்று போட்டேன்.

"அந்தப் பக்கத்துக்கு அத்தான்?"

"ஒண்ணுதான் கிடைச்சுது மாப்ள. அடுத்த வாரம் பாப்போம்."

இரண்டாவது பெல்ட் அலமாரியில் இருந்தது. நம்பி சாகக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். அவன் உயிரோடு இருந்தால்தானே அவனுக்குத் தெரியும். பிள்ளையைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வீட்டுக்கு வருவது எப்படி என்று தெரிய வேண்டும். சொல்வதை யாரும் நம்பாமல் போனால் எப்படி இருக்கும் என்றும் தெரிய வேண்டும். வேறொன்றும் நான் ஆசைப்படவில்லை.

ஜனவரி மூன்றாம் ஞாயிறு. கல்லாற்றுக்கு இன்னும் நாலு வளைவு இருக்கும்போது வண்டி சாலையோரக் கட்டைச்சுவரைத் தாண்டிவிட்டது. பத்தடிதான் பள்ளம். பெல்ட் நம்பியைப் பிடித்துக்கொண்டது. திவ்யாவைத் தூக்கி வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை என்று, பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார், இது வேறு ஆள். பெடலை மிதித்துப் பார்த்தார், கல்லாக நின்றது. எழுதிக் கொடுத்தார்: பிரேக்கில் குறை ஏதும் இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு. எட்டு வருஷத்துக்கு முந்தின அதே வரி. இம்முறை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தானாகவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவன் வண்டி ஓட்டினால் பிள்ளைகள் சாகும் என்று சாலைக் கடைத்தெருவில் பேச்சு வந்தது. நம்பியின் மனைவி ஆரல்வாய்மொழியில் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

நம்பி ஒருநாள் ஒர்க்ஷாப்புக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். வெகுநேரம் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரேக்குல ஒண்ணும் இல்லேல்லா அத்தான்?"

"ஒண்ணும் இல்ல மாப்ள."

"அப்போ என் காலுலதான் என்னமோ இருக்கு. சவுட்டினதா எனக்குத் தோணுது, சவுட்டல்ல போல. அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உங்க மேல பழி போட்டேனே அத்தான். செல்விய நாந்தான் கொன்னேன்."

எட்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அவன் தோளில் கைவைத்து, போனது போகட்டும் என்று சொன்னேன். டீ வரவழைத்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு அவன் கடையைத் திறக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்தான், பிறகு விட்டுவிட்டான். நடக்கும்போது வலது காலை இழுத்து இழுத்து வைப்பான். டாக்டர்கள் காலில் ஒன்றும் இல்லை என்றார்கள். போன மாதம் இறந்தான். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை, அத்தான் முறைக்கு நான்தான் வைத்தேன். நாச்சியார் வாசல் வரை வந்தாள், தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை குளித்துவிட்டு வந்தேன். அவள் இரண்டு இலை போட்டிருந்தாள். என் எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு புள்ளையளயும் அவந்தான் கொன்னிருக்கான். நான் உங்களல்லா இத்தனை வருஷம்..." என்று சொல்லி அழுதாள். என் இலையில் ரசம் ஊற்றினாள். எனக்கு ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. ஒன்பது நாள் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். திவ்யா என்னை ஒன்றும் செய்ததில்லை. அது எனக்கு முன்பே தெரியும், ஆனால் அந்த இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என்ன தண்டனையோ கொடுங்கள், நான் வக்கீல் வைக்கப்போவதில்லை.

முதல் விபத்தில் பிரேக் நிஜமாகவே சரியாக இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது சார். ஊகம் இல்லை, நான் கண்ணால் பார்த்தவன். மயானத்திலிருந்து வந்ததும் நாலு டிரம்மையும் கழற்றினேன். மூன்று சக்கரம் காய்ந்து கிடந்தது. முன் இடது சக்கரத்தில் மட்டும் பிரேக் லைனிங் ஆயிலில் ஊறியிருந்தது, மேலே மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் காலி. மோதின அடியில் சிந்தியிருக்கும். அந்தச் சக்கரத்தில் பிரேக் ஆயிலை ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் நான் முந்தின மாதம் போட்டது, அதன் உதடு கிழிந்திருந்தது. அதுவும் மோதினதில்தான் கிழிந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்க்கப்போகிற வண்டியை அழுக்காகக் காட்டுகிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. பெட்ரோலில் கழுவித் துடைத்து, புது ரப்பர் போட்டு, ஆயில் ஊற்றி, குழாயில் புகுந்த ஏரை எடுத்து மூடினேன். பிறகு முற்றத்திலேயே உருட்டி நானே சவட்டிப் பார்த்தேன். அப்படியே நின்றது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.