முந்திரிக் கம்பெனி வரை நடந்த செவிலியருக்கு

ஊசி பிடித்த கையால் உயிர் காத்து, உரிமையோடு அதட்டி, உள்ளன்போடு அரவணைத்த உத்தமச் செவிலியே! ஏலாக்குறிச்சி எங்களுக்கு ஈந்த எழில்விளக்கே! சர்க்கரைப் பிரிவின் சளைக்காத சாரதியே! எங்கள் பாத்திமா மேரி சிஸ்டரே! வணக்கம்.

'எழில்விளக்கே' என்று வாசிக்கும்போதே நீங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களை முறைப்பது தெரிகிறது. நன்றாக முறையுங்கள். முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணியில் கடைசிப் பதினோரு ஆண்டை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தந்தீர்கள். உங்களிடம் திட்டு வாங்காத பணியாளர் இந்தக் கூடத்தில் ஒருவர்கூட இல்லை. நீங்கள் ஓய்வு பெறும் இன்று ஒரு நாள் எங்கள் முறை, நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

கதவு திறக்குமுன் வந்து காத்திருப்போரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்ததும், பஸ்ஸைத் தவறவிட்டு வருவோருக்காகப் பரிசோதனை நேரத்தைப் பத்து முறை நீட்டியதும், கண் தெரியாதவருக்கு மருந்துச் சீட்டில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்ததும் நாங்கள் நாள்தோறும் கண்டவை. அவற்றையெல்லாம் அடுக்கினால் இந்த மடலின் கண்ணாடிச் சட்டம் கொள்ளாது. ஒன்றை மட்டும் சொல்கிறோம். அதில் உங்கள் பெருமையும் உண்டு, எங்கள் தலைக்குனிவும் உண்டு.

விக்கிரமங்கலம் செங்கமலம் முந்திரிக் கொட்டை உடைக்கும் கம்பெனியில் மிஷின் மிதிப்பவர். வலது காலால் மிதித்தால்தான் கொட்டை பிளக்கும். அந்த வலது பாதத்தில்தான் மூன்று மாதமாக ஆறாத புண். ஆனால் மாதந்தோறும் வியாழக்கிழமை இங்கே பரிசோதனைக்கு வந்தால் சர்க்கரை அளவு அவ்வளவு அழகாக இருக்கும்! "சூப்பர்ம்மா, இப்புடியே இருங்க!" என்று ஆய்வகத்து மணிவண்ணன் கை தட்டுவார். புண்ணோ எலும்பை எட்டிப் பார்த்தது. இன்னும் ஆறு வாரத்தில் ஆறும் வழி தெரியாவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டி வரும் என்று பெரிய மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? அவருடைய அட்டையில் சிவப்பு மையால் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதினோம். மருந்தகத்துக் கலைச்செல்வன் நாலு பேர் முன்னால் அவரைக் கடிந்தும் கொண்டார்.

நீங்கள் அட்டையைப் பார்த்தீர்கள், காலைப் பார்த்தீர்கள். "நம்பர் நல்லாருக்கு, கால் நல்லால்ல. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. கால் பொய் சொல்லாது" என்றீர்கள். அடுத்த திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, இறங்கி, உச்சி வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து கம்பெனி வாசலில் போய் நின்றீர்கள்.

உங்களைக் கண்டதும் செங்கமலம் மிஷின் மிதிப்பதை நிறுத்தினார். இன்று வியாழன் இல்லையே, இந்த சிஸ்டர் இங்கே எதற்கு வந்தார் என்று பதறினார். விரலை நீட்டச் சொன்னதும் முந்தானைக்குள் கையை ஒளித்தார். மிஷின் சத்தத்துக்கு நடுவே கருவி முந்நூற்று எண்பத்தாறு என்று காட்டியது. அவ்வளவுதான், தேம்பி அழுதுவிட்டார்.

"திட்டுவீங்கன்னுதான் சிஸ்டர். செவ்வாக்கெழமலேர்ந்து ஒண்ணும் திங்க மாட்டேன். புதங்கெழம மட்டும் இன்சுலின் ஊசி போட்டுக்குவேன். வியாழக்கெழம வர்றவங்க முக்காவாசிப் பேரு அப்புடித்தான் வர்றாங்க."

"சரி, மத்த நாளு ஏன் போடல?"

"காலைல போட்டுட்டு வந்தா பதினோரு மணிக்குக் கண்ண இருட்டுது. சோத்து பெல்லு ரெண்டு மணிக்குத்தான். மாசி மாசம் மிஷினு மேலயே வுழுந்துட்டேன். மயக்கம் போடுறவங்க வேலைக்கு வராதீங்கன்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. ஊசிய வுட்டேன் சிஸ்டர், வேலய வுட முடியல."

அன்று நீங்கள் செங்கமலத்தை ஒரு சொல்கூடத் திட்டவில்லை. நேரே மேற்பார்வையாளர் அய்யம்பெருமாளிடம் போனீர்கள். பதினோரு மணிக்குச் செங்கமலம் சாப்பிட வேண்டும், புண் ஆறும்வரை மிஷின் மிதிக்காமல் உட்கார்ந்து பருப்பின் தோலை உரிக்க வேண்டும் என்று கேட்டீர்கள்.

"ஒருத்திக்கு டைம் மாத்துனா எல்லாரும் கேப்பாங்களே சிஸ்டர்" என்றார் அவர்.

"கேக்கட்டும். எல்லாத்துக்கும் மாத்துங்க. யாரு வேணாங்குறா?"

அவர் ஒரு வாரம் இழுத்தடித்தார். நீங்கள் மூன்று முறை மீண்டும் போய் நின்றீர்கள். கடைசியில் நாற்பது பெண்களுக்கும் பதினோரு மணிக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. சோதித்துப் பார்த்தால் அவர்களில் இன்னும் ஏழு பேருக்குச் சர்க்கரை! அடேயப்பா, அதுவரை அந்த ஏழு பேரும் எங்கள் கண்ணில் படவே இல்லை.

உண்மையான அளவு தெரிந்த பிறகுதான் மருத்துவர் வெற்றிச்செல்வி செங்கமலத்தின் ஊசி அளவையும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்துக்குத் தக்கபடி மாற்ற முடிந்தது. மெத்தென்ற செருப்புக்கு மாவட்ட மருத்துவமனைக்கு அலைந்தீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போட நீங்களே பதினோரு மணிக்குக் கம்பெனிக்குப் போனீர்கள், உங்களால் முடியாத நாளில் எங்களில் ஒருவரை விரட்டினீர்கள். முனகிக்கொண்டேதான் போனோம், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். காலின் சுண்டுவிரலை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. பெரிய மருத்துவமனையில் அதை எடுத்த நாளில் நீங்கள் மருந்து அறைக்குள் போய் அழுததை நாங்கள் பார்த்தோம்.

அதன்பின் நோயாளிகளைத் திட்டும் பழக்கத்தை எங்களிடமிருந்து பிடுங்கி எறிந்தீர்கள். விரலில் குத்துமுன் எப்போது சாப்பிட்டார், என்ன வேலை, யார் சமைப்பது என்று கேட்கச் சொன்னீர்கள். மறுமாதமே பட்டினி கிடக்காமல் வந்தார்கள். எங்கள் நிலையத்தின் சர்க்கரை எண்கள் எக்குத்தப்பாக எகிறின. மேலிடத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள், என்னம்மா இப்படி மோசமாகிவிட்டது என்று. "மோசமாவல சார், இப்பத்தான் நெசத்த எழுதுறோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அந்த ஒரு பதிலுக்காகவே உங்களுக்கு ஒரு கோபுரம் கட்டலாம். செங்கமலத்தின் அட்டையில் இருந்த சிவப்பு வரியைக் கலைச்செல்வன் தம் கையாலேயே அடித்துவிட்டு அவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

அன்புச் சிஸ்டரே! மூட்டு வலி முன்னே வராமல், முகவாட்டம் பின்னே வராமல், வேளைக்குச் சோறும் வேண்டிய உறக்கமும் வாய்க்க, ஏலாக்குறிச்சி மாதாவின் அருளோடு நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். இனி காலையில் உங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று உங்கள் மகள் ஜெனிதாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இந்த மடலை உங்கள் கையில் கொடுக்கப் பெரிய மனிதர் ஒருவரை அழைக்கலாம் என்றுதான் முதலில் பேசினோம். செங்கமலம் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, "அதெல்லாம் முடியாது, நாந்தான் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். கண்ணாடிச் சட்டம் கனமானது, மேடைக்கு ஐந்து படி, யாராவது கை பிடிக்கட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். கொஞ்சம் வழி விடுங்கள், ஏறி வருகிறார்.

உங்களால் திருந்தியவர்கள்,
மருத்துவர் வெற்றிச்செல்வி, மணிவண்ணன், கலைச்செல்வன்
மற்றும் நிலையத்தின் பணியாளர்கள் அனைவரும்
உடையார்பாளையம் வட்டம், அரியலூர் மாவட்டம்