இனி இதுவே வரட்டும்

தலைமை நாற்காலியைப் பொறுமையால் நிறைத்திருக்கும் நூலகத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் மூத்தோரே, அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கடைசி வரிசையில் கைபேசி பார்க்கும் கண்மணிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

ஐந்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். கான்வென்டில் படித்து, கான்வென்டிலேயே பாடம் எடுத்தவள் நான். மணி அடித்தால் நிறுத்திவிடுவேன்.

இந்த நூலகத்தில் இரவல் பதியும் கணினி நிரலை எழுதியவர் என் கணவர். பத்தொன்பது ஆண்டுகள், மாலைதோறும் அந்த மேசையில் இருந்தார். முத்திரை மையின் மணத்தோடு வீடு திரும்புவார். அந்த மணம் இனி வருமா? அந்த மாலைதான் வருமா? "நீயும் வாயேன் டீச்சர்" என்பார். "உங்க பொட்டியை நீங்களே கட்டிட்டு அழுங்க" என்பேன். கர்வம், ஐயா, கர்வம்!

அவர் மறைந்தார், கணினி மாறியது. புதிய கணினியில் புதிய ஜாவா; நிரலை ஓடவைக்கும் மென்பொருள் அது. அவர் நிரலோ பழைய ஜாவாவில்தான் ஓடும். வெள்ளிக்கிழமைக்குள் திறக்காவிட்டால் நிரலை நீக்கிவிடுவது என்று நூலகக் குழு முடிவெடுத்தது. எதை நீக்குவது? என் கணவரின் கைவண்ணத்தை அல்லவா!

அவருடைய குறிப்பேட்டைப் பார்த்து, பழைய ஜாவாவின் கருவித்தொகுப்பை நானே டவுன்லோடு செய்தேன். பிரித்து வைத்தேன். டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் அது இருக்கும் இடத்தைத் தட்டினேன். நிரல் திறந்தது. கண்டதே போதும் என்று மூடிவிட்டு நிமிர்ந்த நடையோடு வீடு போனேன். மறுநாள் வியாழன், குழுவின் முன் திறந்தால், திறக்கவில்லை. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். அன்றும் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் மெல்லிய குரலில், "விடுங்கம்மா, உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு" என்றார். சிரிப்பைவிட அந்தப் பரிவுதான் சுட்டது.

அவசரக்காரி நான், என் கணவரின் குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டவே இல்லை. அங்கே எழுதியிருந்தார்: "அந்தத் திரையில சொன்னது அந்தத் திரையோட போச்சு. மெஷினுக்கே சொல்லணும்."

வெள்ளியன்று மெஷினுக்கே சொன்னேன். பழைய ஜாவாவைக் கணினியின் பட்டியலில் பதிந்தேன். பழையதும் புதியதும் எண்ணிட்டு வரிசையில் நின்றன. பழையதன் எண்ணைத் தட்டி, யார் அழைத்தாலும் இனி இதுவே வரட்டும் என்றேன். அதைத்தான் டீஃபால்ட் என்கிறார்கள். அணைத்தேன், மீண்டும் போட்டேன். திறந்தது!

செயலாளருக்கே முதல் புத்தகம் பதியப் போனேன். 'பொறுப்பாளர்' என்றொரு கட்டம். யாரும் எதுவும் தட்டாவிட்டால் தானாக ஒரு பெயர் வரும்படி என் கணவர் எழுதியிருந்தார். நான் எதுவும் தட்டவில்லை. வந்த பெயர்: டீச்சர்.

பத்தொன்பது ஆண்டுகள், மாலைதோறும், என் பெயரை அழித்துவிட்டுத்தான் அவர் தன் பெயரைத் தட்டியிருக்கிறார். ஒரு நாளாவது அதை மாற்றினாரா? மாற்றவில்லையே!

நாளை மாலை ஐந்து மணிக்கு அந்த மேசையில் நான் இருப்பேன். பக்க முனையை மடிக்காமல் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். கேட்ட செவிகளுக்கு நன்றி; வரப்போகும் கால்களுக்கு வணக்கம்.