அரைக்கிலோ சீனி

அவசரமில்லக்கா, மெதுவாவே நிறுங்க. அரைக்கிலோ சீனி போதும். அப்படியே ஒரு டீ. இல்ல, அவருக்கு வேணாம், அவரு வண்டியிலயே இருக்கட்டும். எஞ்சினா? அமத்துனா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, அதான் ஓடிக்கிட்டே கெடக்கு.

போன வாரந்தான வந்தாங்க, மறுபடியுமான்னு பாக்குறீங்களா? எங்களுக்கென்னக்கா, கால் போன பக்கம் போறோம். மார்கழி பொறந்தா கெளம்பிருவோம், மாசி முடிய சுத்துவோம். சித்திரையில அதுக்குள்ள இருக்க முடியுமா? தகரம்ல, வெந்துருவோம். அவரு முப்பத்திரெண்டு வருசம் பஸ் ஓட்டுனவரு. ரிட்டயர் ஆனதும் பழைய வேன் ஒண்ண வாங்கி, உள்ள கட்டிலு, அடுப்பு, தண்ணித் தொட்டின்னு எல்லாம் பண்ணிட்டாரு. வந்த பணத்துல வீட்டுக்கு மாடி எடுக்காம இந்த வயசுல ஊர் சுத்தக் கெளம்பிருச்சுக பாருன்னு சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். கண்மாய்க் கரையில வண்டிய நிப்பாட்டி, சேரப் போட்டு உக்காந்து, நாரையப் பாப்போம், அறுப்பப் பாப்போம்.

ஏக்கா, அந்தப் பெஞ்சுல இருக்காரே, வெள்ளச் சட்ட, அவரு உங்க ஊர்தானா? தெரியாதா? எம்புட்டு நேரமா இருக்காரு? சும்மாதான் கேட்டேன். நீங்க அங்கிட்டுப் பாக்காதீங்க. சீனிய நிறுங்க.

உங்க மகன் இருக்காப்லயா? கொல்லையில லோடு ஆட்டோ கழுவுறாப்லயா, நல்லது. மருமக ஒத்தக்கடைக்கு வேலைக்குப் போயிருச்சா? அஞ்சு மணி பஸ்ஸுலதான் வருமா. ம். பாப்பா அங்கன்வாடியிலயா? பக்கந்தான? ஒண்ணுமில்லக்கா, வேர்க்குது. தை மாசத்துல எனக்கு மட்டும் வேர்க்குது பாருங்க.

டீ நல்லாருக்கு. மொத வருசம் வந்தப்ப அவரு இங்க தண்ணி கூடக் குடிக்கல, ஞாபகம் இருக்கா? பாட்டிலக் காட்டி, எங்கிட்ட இருக்குன்னாரு. நீங்களும் சிரிச்சுக்கிட்டே சரின்னீங்க. ஏன் குடிக்கலன்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும். எங்களப் பழக்குன பழக்கம் அப்படி. மறு வருசம் அவரே எறங்கி வந்து டீ கேட்டாரு. மூணு கிளாஸ் குடிச்சாரு. குடிச்சுட்டு வண்டிக்குள்ள வந்து அழுதாருக்கா. நானும் அழுதேன்.

வெள்ளச் சட்ட எந்திரிச்சுட்டாரு. போன்ல பேசுறாரு. திரும்பாதீங்க. பைக்க எடுக்குறாரு. எங்கிட்டுப் போறாரு, மெயின் ரோட்டுக்கா? சரி. போயிட்டாரா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

இப்ப சீனிய வச்சிருங்க. நான் சொல்றதக் கேளுங்க, சத்தம் போட்டுறாதீங்க. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்காகத்தான் ஓடுது. உங்க மகனக் கூப்பிடுங்க, பாப்பாவத் தூக்கிட்டு வாங்க, மூணு பேரும் அந்த வண்டியில ஏறுங்க. ஏன்னு கேக்குறீங்களா, சொல்றேன்.

போன வாரம் பாப்பாவுக்கு ஒரு சோடி வெள்ளித் தண்டை குடுத்தேன்ல. ஊர் பேர் தெரியாதவ குடுக்குறத எப்படி வாங்குறதுன்னு மறுத்தீங்க. எனக்குக் கொஞ்ச ஒரு பேரப்பிள்ள இல்லன்னு நான் அழவும் வாங்கிப் போட்டுவிட்டீங்க. அது கடையில வாங்குனது இல்லக்கா. எம்மகளுக்குக் காது குத்தையில தாய்மாமன் போட்டது. என் தம்பி விருமாண்டி ஆசாரிகிட்டயே உக்காந்திருந்து மயில் தலை வச்சுச் செஞ்சுக்கிட்டு வந்தான். அப்படித் தண்டை எங்க பக்கம் வேற எந்தப் பிள்ளைக்கும் கெடையாது. அவளுக்கு வெவரம் தெரியுமுன்னயே கழட்டிப் பெட்டியில வச்சுட்டேன்.

எல்லா ஊர்லயும் ரெண்டு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்புல போடுவாரு இவரு. நாங்க ஊர்தான் பாக்குறோம்னு அவங்க நம்பணும்ல. போன வாரம் உங்க கண்மாயப் போட்டாரு. ஓரத்துல உங்க கடைப் படியில பாப்பா காலை நீட்டி உக்காந்திருந்துச்சு. தலைக்கு மேல போர்டுல ஊர் பேரு. நாங்க கவனிக்கலக்கா. விருமாண்டி விரலால பெருசாக்கிப் பாத்திருக்கான். அவன் போட்ட தண்டை அவனுக்குத் தெரியாதா?

அவன் மகனுக்குன்னு பேசி வச்ச பிள்ள அது. உங்க மகன் இம்மானுவேலோட வந்துருச்சு. அஞ்சு வருசமாத் தேடுறான்.

ஆமாக்கா. அஸ்வினி நான் பெத்தவ.

நாங்க ஊர் பாக்க வரல. வண்டி ஜன்னலுக்குத் திரை போட்டது வெயிலுக்கும் இல்ல. அவ பஸ் ஏறுறதையும் எறங்குறதையும் உள்ள இருந்து பாப்போம். மத்த ஊர்களுக்குப் போனது உங்களுக்கு எடம் பாக்க. இப்படி ஒரு நாளு வரும்னு தெரியும். எந்த ஊர்ல யாரு வீடு குடுப்பாங்க, யாரு வாயத் தெறக்க மாட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்.

காலையில தம்பி பொண்டாட்டி அழுதுக்கிட்டே போன் போட்டா. ரெண்டு கார்ல கெளம்பிட்டாங்க, வெறுங்கையோட போகலன்னு சொன்னா. இந்நேரம் பசுமலை தாண்டியிருப்பாங்க. அந்த வெள்ளச் சட்ட அவங்க ஆளோ என்னமோ, அதான் அவரு போற வரைக்கும் நான் வாயத் தெறக்கல. போலீஸ் ஸ்டேசன்லயும் நாங்க சொல்லியாச்சு, போலீசு வரட்டும், அதுக்காகக் காத்திருக்க வேணாம். அவரு உள்பாதையிலயே ஒத்தக்கடை போயி அவள ஏத்திக்கிடுவாரு. அவ வேலை பாக்குற எடம் அவனுகளுக்குத் தெரியாது.

நானா? நான் வரல. அப்பாவப் பாத்தா ஏறிருவா. என்னையப் பாத்தா ஏற மாட்டா. உன்னையத் தலை முழுகிட்டேன்னு அவ காது கேக்கச் சொன்ன வாய் இது. அவளோட மல்லுக்கட்ட இப்ப நேரமில்ல. அதுவுமில்லாம, கடை பூட்டிக் கெடந்தா இப்பத்தான் கெளம்பிருக்காங்கன்னு பின்னாடியே வருவானுக. ஆளு இருந்தா எறங்கி நிப்பானுக. கூடப் பொறந்த அக்கா நான் உக்காந்திருந்தா விருமாண்டி ஒரு வார்த்தையாவது பேசித்தான் ஆகணும். அந்த நேரம் உங்களுக்குப் போதும்.

அழுகாதீங்க. அந்தா, உங்க மகன் பாப்பாவத் தூக்கிட்டு வந்துட்டாப்ல, அவரும் ஹாரன் அடிக்கிறாரு. தண்டையக் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டு ஏறுங்க.

சீனி கிலோ எம்புட்டுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க மதினி. யாவாரத்துக்கு உக்காந்தவளுக்கு வெலை தெரிய வேணாமா?