செவப்புக் கழுத்து

முடியாது சார். உக்காருங்க, உக்காந்தே கேளுங்க, ஆனா பதில் இதான். அணை கேசுல சாட்சி சொல்ல நாளைக்குக் கோர்ட்டுக்கு நான் வருவேன். உடம்பு சரியில்லன்னு லீவு போடச் சொல்றீங்க. எனக்குத் தும்மல்கூட வர்றதில்ல.

அந்த நாற்காலி வேண்டாம், அதுல மண்டையோடு காயுது. இப்படி வாங்க. மூக்கைப் பொத்திக்காதீங்க, வெறும் ஸ்பிரிட் வாடைதான். இந்த மியூசியத்துல ஆமைப் பிரிவுக்கு நான் வந்தப்ப எனக்கும் குமட்டுச்சு. இப்போ இது இல்லன்னா தூக்கம் வராது.

உங்க அணைக்கு நான் எதிரி இல்ல. எங்க வீட்டுக் குழாயிலயும் காத்துதான் வருது. ஆனா ஆத்துல இருக்கிறது ஒரே இன ஆமைதான், மேல அழிஞ்சாலும் கீழ நிறைய இருக்குன்னு உங்க தரப்புல சொல்றாங்க பாருங்க, அதை நான் விடமாட்டேன்.

இந்த ரெண்டு ஜாடியையும் பாருங்க. வித்தியாசம் தெரியுதா? தெரியாது. ரெண்டும் ஆறின டீ நிறத்துல கிடக்கு. இது கீழாத்துல, கடல் தண்ணி கலக்கிற இடத்துல பிடிச்சது. அது அருவிக்கு மேல பிடிச்சது. உங்க நிபுணர் இந்த மாதிரி ஜாடிங்களைப் பாத்துத்தான் ரெண்டும் ஒண்ணுன்னு புத்தகம் எழுதினார். நல்ல புத்தகம்தான், நானும் அதைப் படிச்சுத்தான் பாஸானேன். ஆனா ஸ்பிரிட்ல போட்டா சாயம் போயிடுமே சார். உயிரோட இருக்கிறதைப் போய்ப் பாக்கணும்ல.

நான் போனேன். ஜோடி சேர்ற பருவத்துல போனேன். கீழாத்து ஆணுக்குத் தலையும் கழுத்தும் அடுப்புக்கரி மாதிரி கறுத்துடும். மேல இருக்கிறதுக்குக் கழுத்து செவந்து போகுது. ரத்தச் செவப்பு. அது தண்ணிக்கு மேல தலையைத் தூக்கினப்ப, படகுக்காரர் துடுப்பு போடறதையே மறந்துட்டார். ரத்தம் எடுத்து லேபுக்கும் அனுப்பினேன். அவங்களும் வேற இனம்னுட்டாங்க.

அருவிக்கு மேல விட்டா அது வேற எந்த ஆத்துலயும் இல்ல. முட்டையிட ஒரே ஒரு மணல்திட்டு. உங்க அணை வரைபடத்துல அந்தத் திட்டு எங்க இருக்கு சொல்லுங்க. ஆமா, நீலத்துக்கு அடியில.

பிடிச்சுக் கீழ கொண்டுவந்து விடலாமா? விடலாம். உப்புத் தண்ணியில செத்து மிதக்கும்.

வேலை போயிடும்னு மிரட்டறீங்களா? இல்லையா, நினைவுபடுத்தறீங்களா? சரி. நினைவிருக்கு.

புத்தகம் எழுதின அவ்வளவு பெரிய மனுஷரை எதிர்த்துக் கோர்ட்டுல பேசறது மரியாதையான்னு கேக்கறீங்க. அவர்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் சார் சாட்சிக்குச் சம்மதிச்சேன். போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தார். சாயங்கால வெயில்ல அப்படித் தெரியுதுன்னார். அப்புறம் போட்டோவைக் கவுத்து வெச்சுட்டார். அவருக்குப் புரிஞ்சுபோச்சு. ஆயுசு பூரா எழுதின புத்தகத்தை அவர் கையாலயே கிழிக்கச் சொன்னா யாருக்கும் கை வராது. அதனால நான் கிழிக்கிறேன்.

எங்க வெச்சுச் சொன்னேனா? சாப்பாட்டு மேஜையில. என்ன முழிக்கிறீங்க, உங்க ஆபீஸ்ல யாரும் சொல்லலையா? என் வீட்டுக்காரர் சார் அவர். என் பேருக்குப் பின்னாடி அவர் பேரை நான் போட்டுக்கிறதில்ல, அதான் தெரியல போல. நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே கார்லதான் வர்றோம். அவருக்கு இப்போ பார்வை மங்கிட்டு வருது. நான்தான் ஓட்டணும்.